மூணாவது வளைவுல இருமாத வண்டி

கண்ணு, நீ புனே போய்ச் சேந்து இன்னிக்கு ஒம்பதாவது நாள். இந்த ஒம்பது நாள்ல நீ என்னை ஆறு தடவ கூப்புட்ட. ஆறு தடவையும் போன எடுத்து உங்கப்பா கையில குடுத்துட்டேன். அவரு "சாப்டியா, ரூம்ல தண்ணி வருதா"ன்னு கேட்டதும் எனக்குக் கேட்டுச்சு, நீ "அம்மா என்ன பண்றா"ன்னு கேட்டதும் கேட்டுச்சு. அம்மா பக்கத்துலயேதான் கேரட் நறுக்கிட்டு இருந்தேன். வாயத் தொறந்தா அழுக வருமா திட்டு வருமான்னு எனக்கே தெரியல, அதனால எழுதறேன். எழுதறது எனக்கு வரும்னு உனக்குத்தான் நல்லாத் தெரியுமே. எட்டு மாசமா நான் எழுதுனது பூராவும் படிச்சவன் நீதான.

இத உன் நம்பருக்கு அனுப்பாம நம்ம பழைய கார் குரூப்புல, எல்லாரும் பாக்கற மாதிரி போடறேன். "ஊட்டு விசயத்த ஏன் ஊருக்குச் சொல்ற"ன்னு உங்கப்பா கேட்டாரு. ஏனுங்க, ஊட்டு விசயம் நடந்ததே அங்கதானுங்க, நமக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுதுன்னு சொன்னேன். அப்புறம்தான் அவருக்கும் முன்னாடியே தெரியும்கறது ஞாபகம் வந்துச்சு. அவரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. குரூப்புக்குப் புதுசா வந்தவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி: உங்க அட்மின் 'மூணாவது கியர்' நான்தான். வயசு நாப்பத்தொண்ணு. குன்னூர் பக்கத்துல ஒரு டீ எஸ்டேட் ஆபீஸ்ல கிளார்க்கு. ஊட்டுக்காரரு மலையில பஸ் ஓட்டறாரு. நான் எந்தப் பட்டறையிலயும் வேல கத்துக்கல, பூராவும் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டது. பத்தொம்பது வயசுல ஒரே ஒரு பையனப் பெத்தேன். இந்தக் கடுதாசி அவனுக்கு. நீங்க சும்மா பக்கத்துல நின்னு கேட்டுக்குங்க.

செவலை, அதான் நம்ம செவப்புக் காரு, ஊட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்றேன், நீ மறந்துட்ட மாதிரி நடந்துக்கிட்டதால. நீ ஏழாவது படிச்சப்ப எங்க மேனேஜர் ரிட்டயர் ஆகி ஊருக்குக் கெளம்புனாரு. அவரு பங்களா கேரேஜ்ல ரெண்டே சீட்டு வெச்ச, கூரை இல்லாத, செவப்பு ஸ்போர்ட்ஸ் காரு ஒண்ணு கெடந்துச்சு. எந்தக் காலத்துல எந்தத் தொரை வாங்குனதோ. டிரைவர் சீட்டுல ஒரு கோழி அட காத்துக்கிட்டு இருந்துச்சு. சாவி கேக்கப் போன நான் அந்தப் பானெட்ட தொட்டுட்டு அப்படியே நின்னுட்டேன். "வேணும்னா எடுத்துட்டுப் போம்மா, எடத்த அடைக்குது"ன்னாரு அவரு. உங்கப்பா லீவு போட்டு டிராக்டர் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு. வழி பூரா, "பொம்பளைங்க மேனேஜர் பங்களாவுல இருந்து ரோஜாச் செடி வாங்கிட்டு வருவாங்க, எம்பொண்டாட்டி துரு வாங்கிட்டு வர்றா"ன்னு கிளீனர்கிட்டச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வந்தாரு.

இன்ஜின் புடிச்சுக் கெடந்துச்சு, அசையவே இல்ல. காபித்தூள் டப்பா மேல போன சாய்ச்சு வெச்சு, வெள்ளக்காரன் பேசற வீடியோவ பாதி வேகத்துல ஓட விட்டு, ஒரு போல்ட் கழட்ட ஒரு வாரம்னு கழட்டுனேன். பிஸ்டன் மேல டீசல ஊத்தி ஊத்தி, காலைல ஆபீஸ் போறதுக்கு முன்னாடி ஒரு தள்ளு, வந்து ஒரு தள்ளு. பதினோராவது நாள் ஒரு நூல் அசைஞ்சுச்சு. நீ வயித்துல மொத மொத அசைஞ்சப்பக்கூட நான் அப்படிக் கத்தல. நாலு வருசம் ஆச்சு அது உயிரு வர. கிறிஸ்துமஸ் கேரல் பாட வந்தவங்க வாசல்ல நின்னு பாடிட்டு இருந்த சாயங்காலம் டக்குன்னு ஸ்டார்ட் ஆயிடுச்சு பாரு, மொத்தப் பாட்டும் நின்னு போச்சு. பாஸ்டர் மட்டும் "அல்லேலூயா"ன்னாரு. ஊரு பூராவும் அடுத்த நாள் அதத்தான் பேசுச்சு. நான் படிச்சது பிளஸ் டூ, பெருசா எதையும் சாதிச்சவ இல்ல. எங்கையால உயிரு குடுத்ததுன்னு ரெண்டு இருக்கு. ஒண்ணு நீ, இன்னொண்ணு அந்த இன்ஜினு.

அந்த இன்ஜினுக்கு ஒரு நோவு இருந்துச்சு. நம்ம ஊட்டுக்குக் கீழ மூணு கொண்டை ஊசி வளைவு இருக்குதுல்ல, மொத ரெண்டு வளைவு சமத்தா ஏறிடும். மூணாவதுல சூடேறி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சரியாப் போகாம ரெண்டு இருமு இருமும். மொத கியருக்குக் கொண்டு வந்து, மெதுவா ஏத்தி, மேல இருக்கற சின்னப் பாலத்துகிட்ட ஓரங்கட்டி பத்து நிமிசம் ஆற விடணும். அத சரி பண்ண நான் பாக்காத வீடியோ இல்ல. பண்ண முடியல. கொஞ்ச வருசம் கழிச்சு சரி பண்றதையே விட்டுட்டேன். ஏன்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. ஊட்டுல உன்ன என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல"ம்ப. அந்தப் பாலத்துச் செவுத்து மேல ஒக்காந்தா உனக்கு வாய் தானாத் தொறக்கும். பிளஸ் ஒன்ல கணக்குப் பேப்பர்ல என் கையெழுத்த நீயே போட்டத அங்கதான் சொன்ன. சர்ச்சு கொயர்ல பாடற புள்ள உன்னப் பாத்து சிரிச்சுதுன்னு அங்கதான் சொன்ன. காலேஜ்ல மொத தடவ பீர் குடிச்சு வாந்தி எடுத்தது, ஹாஸ்டல்ல தனியா இருக்கப் பயந்தது, எல்லாம் அங்கதான். பானெட்டுல இருந்து புகை போயிட்டே இருக்கும், நீ பேசிட்டே இருப்ப. எனக்கு அந்த இருமல் தேவைப்பட்டுச்சு கண்ணு.

போன வருசம், நீ காலேஜ் முடிச்சு ஊட்டுல இருந்தப்ப, ஆடி மழைல நடந்தத நானும் மறக்கல. மேட்டுப்பாளையம் ரோட்டுல, எதுக்க வர்றவன் மூஞ்சி தெரியாத மஞ்சுல, வளைவுக்கு நடுவால செவலை அப்படியே ஆஃப் ஆயிடுச்சு. பின்னாடி மரம் ஏத்துன லாரி. நீ எறங்கி ஒத்தையாத் தள்ளுன. லாரிக்காரன் கடைசி நேரத்துல பிரேக் போட்டான், உன் முதுகுக்கும் பம்பருக்கும் ஒரு மொழம்கூட இல்ல. ஊட்டுக்கு வந்தோம். துணி மாத்திட்டு, தலையத் தொவட்டிட்டு, ரூம்ல போய் கதவச் சாத்திக்கிட்ட. நான் வெளிய நின்னு டிஸ்ட்ரிபியூட்டர்ல தண்ணி போயிருக்கும், அதோட மூடிய மாத்திட்டா சரியாயிடும்னு கதவுகிட்டச் சொல்லிட்டு இருந்தேன். உனக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. வண்டிக்கு என்ன ஆச்சுன்னுதான் பேசுனேன். அது தப்பு. அத இப்பவே ஒத்துக்கறேன்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு குரூப்புல 'எல்போர்டு'ன்னு ஒரு புதுப் பையன் சேந்தான். "அக்கா, எங்க ஊட்டுலயும் உங்க மாடல்தான் இருக்கு, சேலத்துல, ஆனா ரோட்டுல நின்னு நின்னு போகுது, பெரியவங்க ஓட்டறாங்க, பயமா இருக்கு. இப்ப வர்ற வேன் இன்ஜின ஏத்த முடியுமா"ன்னு கேட்டான். என்னப் பத்தி குரூப்புல எல்லாருக்கும் தெரியும். ஒரிஜினல் இன்ஜின எறக்கணும்னு எவனாவது எழுதுனா மொத ஆளா சண்டைக்குப் போவேன். அவன்கிட்டயும் போனேன். அவன் சண்ட போடல. "சரிங்க அக்கா, ஆனா டெக்னிக்கலா முடியுமான்னு மட்டும் சொல்லுங்க"ன்னான். அங்கதான் நான் விழுந்தேன். ஸ்கூல் டிரிப் அடிக்கற வேனோட இன்ஜினு நீள வாக்குல ஒக்காரும், பின் சக்கரத்துக்குத்தான் சக்தி போகும், கியர் பாக்ஸோட அப்படியே ஏத்திடலாம்னு யோசிக்க ஆரம்பிச்சதும் எனக்குத் தலைக்குள்ள பட்டாசு வெடிச்ச மாதிரி ஆயிடுச்சு. தூக்கம் போச்சு, சோறு போச்சு. அடுத்தவன் வண்டிதான, எனக்கென்ன. நாலாவது நாள் டேப் எடுத்துட்டுப் போயி செவலையோட பானெட்டத் தொறந்து நீளம், அகலம், கிராஸ் மெம்பர்ங்கற குறுக்குச் சட்டம் எங்க வருது, ஸ்டீரிங் ராடு எங்க போகுது, எல்லாம் அளந்து எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புனேன். நீ அப்ப ஊட்டுக்குள்ள ஒக்காந்து தோசை தின்னுட்டு இருந்த. என் வண்டியோட அளவ என்னை விட்டே எடுக்க வெச்சு வாங்கிக்கிட்ட.

அப்புறம் எட்டு மாசம். எத்தன மெசேஜ்டா. பின் சக்கரத்தச் சுத்த வெக்கற புரொபெல்லர் ஷாஃப்ட்ட லேத்துல குடுத்து எவ்வளவு வெட்டணும், பெட்ரோல் பம்பு எங்க வெக்கணும், வயரிங்க எப்படிப் பிரிக்கணும். இன்ஜின் தாங்கற பிராக்கெட்டுக்கு லீவு ஃபாரம் பின்னாடி நானே படம் போட்டு அனுப்புனேன். எடது பக்கம் ஸ்டீரிங் ராடு இடிக்கும், அதனால மூலைல பிஸ்கட்ட ஒரு கடி கடிச்ச மாதிரி வெட்டிக்கோ தம்பின்னு எழுதுனேன். "அக்கா நீங்க வேற லெவல்"ன்னு நீ பதில் போட்ட. நான் அந்த ஸ்கிரீன்ஷாட்ட உங்கிட்டயே கொண்டு வந்து காட்டுனேன். "பாரு, சேலத்துல ஒரு பையன், எவ்வளவு மரியாத, நீயும் இருக்கியே"ன்னு சொன்னேன். நீ பாத்துட்டு, "நல்ல பையனாத்தான் தெரியறான்"ன்ன. சிரிக்கக்கூட இல்ல. அந்த மூஞ்சிய நெனச்சாத்தான் இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

பிப்ரவரில நீ செவலையக் கேட்ட. கதவுக்கு அடியில துரு தின்னுடுச்சு, மேட்டுப்பாளையத்துல என் கூடப் படிச்ச பையன் பட்டறை வெச்சிருக்கான், வெல்டிங் வெச்சு பெயிண்ட் தொட்டுத் தர்றேன், நான் புனே போறதுக்கு முன்னாடி உனக்கு என் பரிசுன்னு சொன்ன. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நடுவுல ஒரு நாள் ஆபீஸ்ல இருக்கறப்ப போன் பண்ணி, "அம்மா, வண்டி இன்சூரன்ஸுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு"ன்ன. ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு அந்த மெசேஜ்லயே எழுதியிருக்கும். பெத்த புள்ளைக்குச் சொல்லக் கூடாதுன்னு எழுதல. ஆறு நம்பரையும் தெளிவா ரெண்டு தடவ சொன்னேன். அது இன்சூரன்ஸ் இல்ல, ஆர்.சி.ல இன்ஜின் நம்பர் மாத்தறதுக்குப் போட்ட அப்ளிகேஷன்னு இப்ப எனக்குத் தெரியும். வண்டி எம்பேருல இருக்கு. அதோட இன்ஜின எறக்கச் சம்மதம்னு நானே வாயால சொல்லியிருக்கேன், எனக்கே தெரியாம.

அந்த ஞாயித்துக் கெழம சர்ச்சு முடிஞ்சு வந்து வாசல்ல துணி காயப் போட்டுட்டு இருந்தேன். கீழ மொத வளைவுல ஒரு வண்டி சத்தம் கேட்டுச்சு. சீசன் நேரம், வெளியூர் காரு ஏதோ வருதுன்னு நெனச்சேன். ரெண்டாவது வளைவு. மூணாவது வளைவு. இருமல. கியரும் மாத்தல. பாலத்துகிட்ட நிக்கவும் இல்ல, அப்படியே ஒரே மூச்சுல வந்துக்கிட்டே இருக்கு. நம்ம வாசலுக்கு முந்துன திருப்பத்துல ஹாரன் அடிச்ச. ஹாரன் என்னுது. கேட்டுக்குள்ள நொழஞ்ச செவப்பும் என்னுது. உள்ள இருந்து வந்த சத்தம் யாருதுன்னே தெரியல. கையில இருந்த துணியோட அப்படியே நின்னேன். நீ எறங்கி, பட்டறை வெச்சிருக்கற உன் பிரண்டும் எறங்கி, உங்கப்பா ஊட்டுக்குள்ள இருந்து திண்டாட்டமா ஒரு சிரிப்பு சிரிச்சுக்கிட்டு பின்னாடி வந்து நின்னாரு. நான் பானெட்டத் தொறந்தேன். உள்ள வேன் இன்ஜின் கருப்பு பிளாஸ்டிக் மூடி போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. நான் அதப் பாக்கல கண்ணு. எடது பக்கம் பிராக்கெட்டப் பாத்தேன். மூலைல பிஸ்கட் கடி.

"எல்போர்டு நீயா?"ன்னு கேட்டேன்.

நீ சாவிய எங்கிட்ட நீட்டுன. அப்புறம், "மொதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரும்மா"ன்ன.

"நீயான்னு கேட்டேன்."

"உன் நல்லதுக்குத்தான்மா பண்ணேன். நீ ஒத்தையா அந்த ரோட்டுல போற. நான் புனேல இருந்துக்கிட்டு தினமும் பயந்துட்டு இருக்க முடியாது."

உங்கப்பா நடுவுல வந்து, "எம்பஸ்ஸுக்கே நாலு தடவ இன்ஜின் மாத்தியாச்சு, அது என்ன கோவிச்சுக்கிட்டு டிப்போவுக்குப் போகாம நின்னுடுச்சா"ன்னாரு. உன் பிரண்டு சிரிச்சிட்டான், பாவம், அவனுக்கு என்ன தெரியும். நான் பானெட்ட மூடிட்டு உள்ள போயிட்டேன். நீ கெளம்பற வரைக்கும் இருந்த நாலு நாளும் உனக்குச் சோறு போட்டேன், துணி மடிச்சு வெச்சேன், ஊறுகா பாட்டில் கட்டிக் குடுத்தேன். பேசல. கோயமுத்தூர் ஸ்டேஷனுக்கு உங்கப்பாதான் வந்தாரு. நீ செருப்பு மாட்டறப்ப ரெண்டு தடவ திரும்பிப் பாத்தத ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

உன் நல்லதுக்குத்தான். அந்த வார்த்த எங்கயோ கேட்ட மாதிரி இருக்குன்னு நாலு நாளும் மண்டையக் கொடஞ்சுச்சு. அப்புறம் ஞாபகம் வந்துச்சு. நீ பிளஸ் டூ முடிச்சு சர்ச்சு யூத் கேம்ப்புக்கு கூடலூர் போயிருந்த. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எந்தக் காலேஜு, எந்தப் பிரிவுன்னு ஆன்லைன்ல வரிசையாக் குடுக்கணும், அன்னிக்குச் சாயங்காலத்தோட கடைசி. நீ கம்ப்யூட்டர்தான் மொதல்ல வேணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருந்த. நான் ஒக்காந்து, மேல இருந்து கீழ வரைக்கும் மெக்கானிக்கல் போட்டு லாக் பண்ணிட்டேன். உன் போனுக்குத்தான் ஓடிபி வந்துச்சு. கேம்ப்புல இருந்த உன்னக் கூப்புட்டு, "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு கண்ணு"ன்னேன். சொன்ன. எதுக்குன்னுகூட நீ கேக்கல. நீ வந்தப்புறம் விசயத்தச் சொல்லி, உன் நல்லதுக்குத்தான்டா, கார்னா உனக்கும் புடிக்கும்ல, நாம ரெண்டு பேரும் சேந்து எவ்வளவோ பண்ணலாம்னு சொன்னேன். நீ "சரிம்மா"ன்ன. அவ்வளவுதான். பாலத்துச் செவுத்து மேலகூட அதப் பத்தி நீ ஒரு நாளும் பேசுனதில்ல. எனக்கு அது அப்பவே ஒறச்சிருக்கணும்.

நீ எங்கிட்டப் பேசல. எல்போர்டு பேசுனான். நவம்பர்ல ஒரு நாள், "ஊட்டுல கேட்டுட்டுத்தான் செய்யறியா தம்பி"ன்னு கேட்டேன். "எங்கம்மா என் காலேஜையே என்னக் கேக்காமதான் போட்டாங்க அக்கா, நான் மட்டும் எதுக்குக் கேக்கணும்"னு நீ எழுதுன. நான் என்ன பதில் போட்டேன்னு குரூப்புல எல்லாரும் மறுபடி பாக்கட்டும், நானே போடறேன்: "என்ன அம்மாவோ போ. புள்ள என்ன அவங்க வளக்கற கோழியா. நீ கேக்கவே கேக்காத. வேலைய முடிச்சுட்டு சாவியக் கையில குடு. ஓட்டிப் பாத்தா தானா வாய மூடிக்குவாங்க." அதுக்குக் கீழ கோவமா மூஞ்சி செவந்த இமோஜி மூணு. எம்மூஞ்சிதான்டா அது. எனக்கு நானே போட்டுக்கிட்டது. அதனால நீ செஞ்சது பூராவும் உந்தப்புன்னு என்னால சொல்ல முடியல. ஒரு சின்னப் பையன் ஊட்டுல மறச்சு ஒண்ணு செய்யறேன்னு வந்து நிக்கறான், செய்யி செய்யின்னு கெளப்பி விட்டவ நான். அவங்கம்மா எப்படி நிப்பான்னு ஒரு நிமிசம் யோசிக்கல. நின்னு பாத்தாச்சு இப்ப.

இன்ஜின மாத்துனது வலிக்குது. ஓடிபி வலிக்குது. உங்கப்பா உன்கூடச் சேந்துக்கிட்டது வலிக்குது, அவரு தனியா வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்காரு. ஆனா இது எதுவும் என்னைக் கட்டில்ல சாய்க்கல. சாய்ச்சது வேற. ஜனவரில, உனக்கு வேல உறுதியாகி லெட்டர் வந்த வாரம், நான் எல்போர்டுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். அது பொதுவுல போட்டதில்ல, தனியாப் போட்டது. "தம்பி, எம்பையன் புனே போறான். எல்லாரும் கேக் வெட்டறாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள என்னமோ இடிஞ்சு விழற மாதிரி இருக்கு. அவன்கிட்டச் சொல்லல. சொன்னாப் போகமாட்டான்"னு எழுதுனேன். இருபத்திரெண்டு வருசத்துல யாருகிட்டயும் அப்படி எழுதுனதில்ல. முகம் தெரியாத புள்ள, சேலத்துல இருக்கு, நம்ம ஊட்டுக்கு வராதுங்கற தைரியத்துல எழுதுனது. பத்து நிமிசம் கழிச்சு பதில் வந்துச்சு: "பசங்க எங்க போனாலும் மனசு ஊட்டுலதான் இருக்கும் அக்கா." நான் அதப் படிச்சுட்டு தேம்பித் தேம்பி அழுதேன், எவ்வளவு நல்ல புள்ளன்னு. அவன்கிட்டச் சொல்லலன்னு அவன்கிட்டயே சொல்லியிருக்கேன். அடுத்த நாள் காலைல நீ அடுப்படிக்கு வந்து, எப்பவும் இல்லாம என் பக்கத்துல ஒக்காந்து பூண்டு உரிச்ச. ஏன்டான்னு கேட்டதுக்கு "சும்மா"ன்ன. அப்ப எவ்வளவு சந்தோசப்பட்டேன். இப்ப அந்தப் பூண்டு உரிச்சதும் எங்கிட்ட இருந்து போயிடுச்சு. அது உனக்காத் தோணி வந்ததா, படிச்சுட்டு வந்ததான்னு எனக்கு எந்நாளும் தெரியப் போறதில்ல.

நீ இனி பெரிய மனுசன். அங்க உனக்கு இன்ஜின் டெஸ்ட் பண்ற வேல, நாளைக்கு உங்கையில நாலு பேரு வேல செய்வாங்க, ஒரு பொண்ணு வருவா. ஒரு வார்த்த மட்டும் சொல்றேன். யாருக்காவது நல்லது செய்யணும்னா அவங்க மூஞ்சிக்கு நேரா நின்னு, "மாட்டேன்"னு அவங்க சொல்றதக் கேட்டுட்டு, அப்புறம் சண்ட போட்டுச் செய்யி. என்கிட்டக் கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன், அது உனக்குத் தெரியும். அந்த மாட்டேன் என்னுது. அத எங்கிட்ட இருந்து எடுத்துட்ட. வேற பேரு வெச்சுக்கிட்டு மட்டும் கட்டிக்கப் போறவகிட்ட என்னிக்கும் பேசிடாத. எனக்காச்சும் உங்கப்பா இருக்காரு திட்டறதுக்கு.

நீ போன ரெண்டாவது நாள் செவலைய ஓட்டிப் பாத்தேன். உங்கப்பா பஸ்ஸுக்குப் போனதுக்கப்புறம், யாருக்கும் சொல்லாம. ஒரே செல்ஃப், பூன மாதிரி ஸ்டார்ட் ஆகுது. கீழ எறங்கித் திரும்பி ஏறுனேன். கிளட்ச்சு வெண்ண மாதிரி இருக்கு, இருமல் இல்ல, சூடு இல்ல. அந்த பிராக்கெட்டு ஒரு பொட்டு நடுக்கம்கூடக் குடுக்கல, நான் போட்ட படமாச்சே. மூணாவது வளைவுல பழக்க தோசத்துல மொத கியருக்குக் கொண்டு வந்துட்டேன், இன்ஜினு என்னமோ என்னப் பாத்து எதுக்குங்கற மாதிரி உறுமுச்சு. பாலம் வந்துச்சு, போயிடுச்சு. நிக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல. ஊட்டு வாசல்ல வந்து நிறுத்திட்டு ஸ்டீரிங் மேல தலைய வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். உன் வேல சுத்தமா இருக்குடா. நான் இத்தன வருசத்துல பாத்ததுலயே சுத்தமான வேல. அதச் சொல்லாம விட்டா நான் நேர்மையானவ இல்ல. பெருமப்படக்கூட என்னை விடாமப் பண்ணிட்டியேன்னுதான் அழுக வந்துச்சு.

முந்தாநாள் உங்கப்பா பஸ்ஸுலயே ஏறி மேட்டுப்பாளையம் போனேன். உன் பிரண்டு பட்டறைல பழைய இன்ஜின் ஒரு டயர் மேல, தார்ப்பாய் போட்டு மூடி இருந்துச்சு. தொறந்திருந்த ஓட்டையெல்லாம் துணி வெச்சு அடச்சு, ஆயில் பூசி, கயித்துல ஒரு அட்டை கட்டி உங்கையெழுத்துல "அம்மாவுது, யாரும் தொடாதீங்க"ன்னு எழுதி வெச்சிருந்த. அந்தப் பையன், "வித்துடலாம்னு ரெண்டு பேரு கேட்டாங்க, அடிக்க வந்துட்டான்க்கா உங்க பையன்"னான். அவனும் அக்காங்கறான், எல்லாரும் என்னை அக்காங்கறாங்க. அட்டைய மட்டும் கழட்டி பையில வெச்சுக்கிட்டேன். இன்ஜின் நேத்து காய்கறி வேன்ல ஊட்டுக்கு வந்து சேந்துச்சு. எறக்கறதுக்கு நாலு ஆளு தேவப்பட்டுச்சு. இப்ப உன் ரூம்ல, உங்கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கு. வேற எடம் இல்ல.

எல்போர்ட இன்னிக்குக் காலைல குரூப்ப விட்டு எடுத்துட்டேன், பிளாக்கும் பண்ணிட்டேன். அவன்கிட்ட இனி எனக்குப் பேச ஒண்ணுமில்ல. உன் நம்பர் எப்பவும் இருக்கற எடத்துலதான் இருக்கு, மேல, மொதல்ல. அடுத்த தடவ நீ கூப்புட்டா நானே பேசறேன், நல்லபடியாப் பேசுவேன்னு சத்தியம் பண்ண முடியாது.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு கெடைக்கும்ல. வேன் இன்ஜின எறக்கி பழச ஏத்த ஒரு ஆளால ஆகாது, நீ வேணும். அதனால ஒண்ணு கேக்கறேன். செவலையோட பழைய இன்ஜின நான் மறுபடி ஏத்தட்டுமா, வேண்டாமா? நீ வேண்டாம்னு சொல்லலாம். உன் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்ன அந்த லாரிய நெனச்சு மாட்டேன்னு சொல்லலாம், அதுக்கு உனக்கு உரிமை இருக்கு. நான் சண்டைக்கு வருவேன். அனேகமா ஏத்தத்தான் போறேன். ஆனா கேக்கறேன் பாரு, எம்பேருல, உன்கிட்ட.